ஆமோஸின் கள்ளத்தராசும் மெம்பிஸ் துப்புரவுத் தொழிலாளரும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வேதாகமத் தீர்க்கதரிசனம் என்றாலே போர், நிலநடுக்கம், 666 என்று காலக்கணக்குப் போடும் கட்டுரைகள்தான் தமிழில் மிகுதி. அமெரிக்கக் கறுப்பின மக்களின் திருச்சபைகள் அதே நூல்களை வாசித்த விதம் வேறு. தீர்க்கதரிசி யாரைப் பார்த்துப் பேசினார், யாருடைய வயிற்றில் அடித்ததற்காகப் பேசினார் என்பதே அவர்களுடைய முதல் கேள்வி.

மேற்கிந்தியத் தீவு அடிமைகளுக்கென்று 1807இல் லண்டனில் ஒரு வேதாகமம் அச்சிட்டார்கள். அடிமைப்பட்டிருந்த இஸ்ரவேலர் எகிப்தைவிட்டுப் புறப்படும் பகுதி அதில் கிடையாது. எஜமானர்கள் எதற்குப் பயந்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ், 1852 ஜூலை 5 அன்று ராச்செஸ்டர் நகரில் பேசியபோது, அடிமைமுறைக்குத் துணைபோன சபைகளை நோக்கி ஏசாயா தீர்க்கதரிசியின் முதல் அதிகாரத்தையே திருப்பினார்: உங்கள் பண்டிகைகளை வெறுக்கிறேன், உங்கள் கைகளில் இரத்தம் நிறைந்திருக்கிறது.

இப்படி வாசிக்க விரும்புவோர் ஆமோஸ் தீர்க்கதரிசியின் நூலிலிருந்து தொடங்கலாம், ஒன்பதே அதிகாரங்கள். முதல் இரண்டையும் ஒரே மூச்சில், சத்தமாக வாசிக்க வேண்டும். தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப், யூதா என்று ஏழு அண்டை நாட்டார்மீது குற்றச்சாட்டு வருகிறது. கேட்கிற இஸ்ரவேலர் தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே எட்டாவதாக அவர்கள் பெயர் விழுகிறது: எளியவனை ஒரு ஜோடு பாதரட்சைக்கு விற்றீர்கள். பலர் தவறுவது இங்கேதான். ஏழு பேரைச் சாடுவதோடு நிறுத்திக்கொண்டு, எட்டாவது இடத்தில் தங்கள் சபையையும் ஊரையும் வைத்துப் பார்ப்பதில்லை. அடுத்து 8:5-6. மரக்காலைக் குறைப்பது, எடைக்கல்லைக் கூட்டுவது, கள்ளத்தராசினால் ஏமாற்றுவது, பதரைத் தானியமென்று விற்பது என அங்கே பாவத்துக்குக் கடைத்தெரு விவரம் இருக்கிறது.

அதன் பிறகே 5:24க்கு வர வேண்டும். நியாயம் தண்ணீரைப்போலவும் நீதி நதியைப்போலவும் புரண்டு வரட்டும் என்று மார்ட்டின் லூதர் கிங் 1963இல் வாஷிங்டனில் முழங்கிய வசனம் அது. அதற்கு முந்தைய மூன்று வசனங்களை விட்டுவிட்டால் அது வெறும் அழகிய பாட்டாகிவிடும். உன் பாட்டுகளின் இரைச்சலை அகற்று என்று கர்த்தர் சொல்வது அங்கேதான். கிங்கின் ஆங்கிலத்தில் 'வலிமையான ஆறு' என்று வருவதைத் தமிழ் வேதாகமம் 'வற்றாத நதி' என்கிறது. எபிரேய மூலத்துக்கு இதுவே நெருக்கம். மழை பெய்தால் ஓடி, வெயிலில் காய்ந்துபோகும் காட்டாறுகள் நிறைந்த நாட்டில் ஆமோஸ் கேட்டது, கோடையிலும் ஓடும் நீதியை.

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1968 பிப்ரவரியில், மழைக்குக் குப்பை லாரிக்குள் ஒதுங்கிய இரு கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள் அதன் இயந்திரத்தில் நசுங்கி இறந்தார்கள். சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஏப்ரல் 3 இரவு அந்நகரின் மேசன் டெம்பிள் தேவாலயத்தில் பேசிய கிங், போதகன் ஆமோஸாக இருக்க வேண்டும் என்றார். அதே பேச்சில் எந்த ரொட்டியை, எந்தப் பாலை வாங்கக்கூடாது, பணத்தை எடுத்து எந்தக் கறுப்பின வங்கியில் போட வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டுக்கொண்டார். கள்ளத்தராசைப் பற்றிப் பேசுகிறவர் எந்தக் கடையில் அது தொங்குகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும் அல்லவா? மறுநாள் மாலை அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16 அன்று நகராட்சி தொழிற்சங்கத்தை ஏற்று, கூலியையும் உயர்த்தச் சம்மதித்தது.

இப்படிக்கு,
வாசகர், பாளையங்கோட்டை