ஆய்வுத் தலைப்புத் தேடும் தங்கச்சிக்கு

அன்பின் தங்கச்சிக்கு,

நீர் அனுப்பிய ஆய்வு முன்மொழிவை வாசித்தேன். 'இந்திய வெளியுறவுக் கொள்கையும் இலங்கைத் தமிழரும்' என்ற தலைப்பில் கேள்வியே இல்லை. இப்படித் தொடங்கினால் 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் வரலாற்றை எழுதவே பக்கங்கள் முடிந்துவிடும். பிறகு மேற்பார்வையாளர் "உம்முடைய வாதம் எங்கே?" என்று கேட்பார்.

அதையே சுருக்கிப் பார்ப்போம். ஜெனீவாவிலுள்ள ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் 2009 மே மாதம் இலங்கையே கொண்டுவந்த தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. 2012 இலும் 2013 இலும் போர்க்கால மீறல்களுக்கு இலங்கையிடம் பொறுப்புக்கூறல் கேட்ட தீர்மானங்களை ஆதரித்தது. 2014 மார்ச்சில் நடுநிலை வகித்தது. 2021, 2022 இலும் நடுநிலைதான். 2014 இல் ஏன் மாறியது? இது ஆய்வுக்குரிய கேள்வி.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தியில் யாரைக் கேட்டாலும் "மோடி வந்தார், மாறிப்போச்சு" என்பார்கள். திகதியைப் பாரும். வாக்கெடுப்பு மார்ச் 27, மோடி பதவியேற்றது மே 26. அந்த விளக்கம் அதோடு சரி.

அடுத்தது தி.மு.க. 2013 மார்ச் 19 அன்று அது மத்திய கூட்டணியை விட்டு விலகியது, இலங்கைத் தமிழருக்காக அது கொடுத்த அழுத்தம் குறைந்ததும் டில்லி மாறியது என்பார்கள். கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் விலகி இரண்டே நாளில் நடந்த வாக்கெடுப்பிலும் இந்தியா தீர்மானத்தை ஆதரித்தது. 2009 இல் தி.மு.க. கூட்டணிக் கட்சியாக இருந்தபோதே இந்தியா கொழும்பின் பக்கம் நின்றது. ஆக, கூட்டணி அழுத்தம் மட்டும் போதாது.

மூன்றாவது, தீர்மானத்தின் வாசகம். 2014 தீர்மானம் விசாரணையை மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகத்திடமே ஒப்படைத்தது. இது இறைமையில் தலையிடுவது என்று இந்தியா ஆட்சேபித்தது.

இனித்தான் சிக்கல். 2012 வாக்கெடுப்புக்கும் 2014 வாக்கெடுப்புக்கும் இடையில் கூட்டணியும் மாறியது, வாசகமும் மாறியது. 2013 வாக்கெடுப்பு விலகலுக்கு இரண்டே நாள் பிந்தியது என்பதால் அது மட்டும் இவற்றைப் பிரித்துக் காட்டாது. இரண்டும் ஒன்றாக மாறினால், வாக்கை மட்டும் பார்த்து எது காரணம் என்று சொல்ல முடியாது. பிடித்த காரணத்தைத் தூக்கிப்பிடித்து மற்றதை மறைக்கும் ஆய்வுகள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. (அதைக் கோட்பாட்டுப் பெயரால் மூடுவது இன்னும் மோசம்.)

ஒரு அட்டவணை போடும். ஒவ்வொரு வாக்கெடுப்புக்கும் ஒரு வரிசை. பத்திகளில் வாக்கு, தீர்மானம் கேட்டது என்ன, டில்லியில் ஆட்சி, கூட்டணி நிலை, இலங்கையில் சீனாவின் இருப்பு. 19/2 (2012), 22/1 (2013), 25/1 (2014) என்ற இலக்கங்களால் ஐ.நா. மின்னூலகத்தில் தேடினால் தீர்மானங்கள் கிடைக்கும். வாக்கோடு நின்றுவிடாமல் இந்தியப் பிரதிநிதி கொடுத்த வாக்கு விளக்கத்தையும் வாசியும். பத்திரிகைச் செய்தியில் அது பெரும்பாலும் ஒரு வரியாகச் சுருங்கிவிடும். பிறகு சிரியா, வட கொரியா பற்றிய விசாரணைத் தீர்மானங்களில் இந்தியாவின் வாக்கையும் சேரும். அங்கேயும் விலகியே நின்றிருந்தால் வாசக விளக்கம் பலப்படும். இல்லையென்றால் அதைக் கைவிடத் தயாராக இரும்.

கோட்பாட்டுக்கு நாலைந்து பக்கம் போதும். தலைவர், உள்நாட்டு அரசியல், சர்வதேச ஒழுங்கு என்று கென்னத் வால்ட்ஸ் 1959 இல் பிரித்த மூன்று மட்டங்களில் உம்முடைய விளக்கங்கள் எங்கெங்கே விழுகின்றன என்று காட்டினால் சரி.

மலேசியாவோடு ஒப்பிடும் யோசனையைப் பற்றியும் கேட்டிருந்தீர். இலங்கையும் மலேசியாவும் பிரித்தானியக் குடியேற்ற நாடுகளாக இருந்தவை, பல்லின நாடுகள் என்பதால் சோடி நல்லதாகத்தான் தெரியும். ஆனால் "அங்கே சமஷ்டி இருந்ததால் போர் வரவில்லை" என்று எழுதிவிடாதேயும். அங்கே சமஷ்டி அமைந்தது மலாய் சுல்தான்களின் மாநிலங்களைச் சுற்றி. சீனர்களுக்கோ தமிழர்களுக்கோ தனி மாநிலம் கொடுக்க அல்ல. அங்கே மலாய், சீன, இந்தியக் கூட்டணிக் கட்சிகளுக்கிடையிலான பேரத்தைத்தான் ஒப்பிட வேண்டும். அது வேறொரு ஆய்வு, இந்த வருடத்துக்கு வேண்டாம்.

அட்டவணையை நிரப்பி அனுப்பும், பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா