காவிரி தடுத்தது தாயைத்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அன்னையர் தினத்தன்று வந்த உங்கள் ஞாயிறு இணைப்பின் முதல் பக்கத்தில், 'கடவுளால் எல்லா இடத்திலும் இருக்க முடியாது என்பதால்தான் தாயைப் படைத்தார்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தீர்கள். வருடா வருடம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற வாசகம்தான். அங்கே வந்தால் தள்ளிவிட்டுப் போய்விடலாம். பத்திரிகையில் வந்தால் யாராவது வெட்டிப் பள்ளிக்கூட நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுவார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் திருச்சிக்காரி. பெண் பிள்ளைகள் விடுதி ஒன்றில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள். சி.எஸ்.ஐ. கிறிஸ்தவ சபைதான் என்றாலும், மலைக்கோட்டையைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அங்கே கோயில் கொண்டிருக்கும் தாயுமானவர் கதை தெரியாமல் இருக்குமா? ரத்தினாவதி என்ற செட்டிப்பெண்ணுக்குப் பேறுகாலம். பூம்புகாரிலிருந்து கிளம்பி வந்த அவள் அம்மாவைக் காவிரி வெள்ளம் அக்கரையிலேயே நிறுத்திவிட்டது. இங்கே மகளுக்கு வலி கண்டுவிட்டது. சிவனே அந்த அம்மாவின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து நிஜ அம்மா வாசலில் வந்து நின்றபோதுதான் விஷயம் வெளியே தெரிந்தது. சித்திரைத் திருவிழாவில் 'செட்டிப்பெண் மருத்துவம்' என்று இன்றும் நடத்துகிறார்கள். சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொண்டு வாழைத்தார் கொண்டுபோகிறவர்களையும் பார்க்கலாம். இந்தக் கதையில் வர முடியாமல் போனது யார்? அம்மாதான். உங்கள் வாசகம் எங்கள் ஊர்க் கதையைத் தலைகீழாக நிறுத்திவிட்டது.

எங்கள் விடுதியில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை பெற்றோர் வந்து பார்க்கலாம். முறுக்கு டப்பாவும் தலைக்கு எண்ணெயும் எடுத்துக்கொண்டு காலையிலேயே வந்து கேட்டில் நிற்பார்கள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவோம். தன் பெயர் வராது என்று தெரிந்த பிள்ளைகள் அந்த நேரம் பார்த்து வாளியைத் தூக்கிக்கொண்டு துணி துவைக்கப் போய்விடும். துவைத்த பாவாடையையே திரும்பவும் நனைத்துக் கும்மிக்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளை உங்கள் முதல் பக்கத்தைப் படித்தால் என்ன நினைக்கும்? கடவுளுக்குப் பதிலாக வந்தவளே வரவில்லை என்றால், அம்மாவோடு சேர்த்துக் கடவுளும் தனக்கு இல்லை என்றுதானே?

வராத அம்மாக்களை நான் குறை சொல்லவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிப்டு, பஸ்ஸுக்குக் காசில்லை, இரண்டாவதாகக் கட்டிக்கொண்ட வீட்டில் முதல் பிள்ளையின் பேச்சையே எடுக்க முடியாது. எத்தனையோ காரணங்கள். சிலருக்குக் காரணமே கிடையாது என்பதும் எனக்குத் தெரியும். தெய்வம் என்று அவர்களைத் தூக்கி மேலே உட்கார வைத்துவிட்டு, மனுஷியாக இருந்ததற்காகத் திட்டுவதுதான் நாம் வழக்கமாகச் செய்வது.

எங்கள் வேதாகமம் இந்த விஷயத்தில் பூசி மெழுகவே இல்லை. 103-ம் சங்கீதத்தில் 'தகப்பன் தன் பிள்ளைகளுக்கு இரங்குகிறதுபோல' கர்த்தர் இரங்குகிறார் என்று தாவீது ராஜா பாடுகிறார். சரி, அவர் வீடு எப்படி இருந்தது? சாமுவேல் தீர்க்கதரிசி ராஜாவைத் தேடி பெத்லகேமுக்கு வந்தபோது, அப்பா ஈசாய் ஏழு பிள்ளைகளைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஆடு மேய்க்கப் போன கடைசிப் பையனைக் கூப்பிட வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. இவ்வளவு பேர்தானா என்று சாமுவேல் கேட்ட பிறகுதான் தாவீதுக்கு ஆள் போனது. அந்தப் பையன் பிறகு தானே தகப்பனாகி என்ன செய்தார்? மகள் தாமாருக்கு வீட்டுக்குள்ளேயே அநியாயம் நடந்தபோது வெகு கோபம் கொண்டார் என்று எழுதியிருக்கிறது. கோபத்துக்கு அப்புறம் ஒன்றும் எழுதியில்லை. ஊரைவிட்டு ஓடிப்போயிருந்த மகன் அப்சலோம் எருசலேமுக்குத் திரும்பி வந்தும் இரண்டு வருடம் அவன் முகத்தைப் பார்க்காமல் இருந்தார். அவன் செத்ததும் 'என் மகனே, என் மகனே' என்று கதறினார். பாசம் இல்லாதவர் என்று யார் சொல்ல முடியும்? உரிய நேரத்தில் அது பிள்ளைகளுக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். அந்தத் தாவீதின் பெயரிலுள்ள 27-ம் சங்கீதம்தான் 'என் தகப்பனும் என் தாயும் என்னைக் கைவிட்டாலும், கர்த்தர் என்னைச் சேர்த்துக்கொள்ளுவார்' என்கிறது. ஏசாயா 49-ம் அதிகாரம், பெற்றவள் பிள்ளையை மறந்தாலும் நான் மறப்பதில்லை என்கிறது. பெற்றோர் தவறக்கூடும் என்பதை ஒப்புக்கொண்ட பிறகுதான் கடவுளின் அன்பைப் பற்றியே பேசுகிறது.

என் அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்தவர். என் தங்கை தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து சாகும் வரை அவளிடம் பேசவில்லை. ஆனால் சம்பளம் வந்ததும் 'அவ வீட்ல அரிசி இருக்கான்னு கேட்டியா?' என்று அம்மாவிடம் விசாரிப்பார். கோவிலில் 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' என்று எல்லோரும் ஆரம்பிக்கும்போது, தங்கை இன்றும் அந்த முதல் வரிக்கு வாயைத் திறப்பதில்லை. இரண்டாம் வரியில்தான் சேர்ந்துகொள்வாள். சபைப் போதகர்களான ஐயர்மார் யாரும் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவளுக்கு 27-ம் சங்கீதம் மனப்பாடம்.

தந்தையர் தினத்துக்கு 'என் அப்பா' என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டுரைப் போட்டி அறிவித்திருக்கிறீர்கள். தலைப்பை 'என்னை வளர்த்தவர்' என்று மாற்ற முடியுமா? அப்பாவைப் பற்றி எழுத நினைக்கிறவர்கள் அதிலும் எழுதலாம். பாட்டி, சித்தி, விடுதிச் சமையல்கார அக்கா பற்றியும் நிறைய வரும். கடைசித் தேதியையும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். விடுதிப் பிள்ளைகள் ஊரிலிருந்து திரும்புவதே ஜூனில் பள்ளி திறக்கும்போதுதான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விடுதிக் காப்பாளர்,
திருச்சி.