சலைன் பாட்டிலில் மிதப்பது எது? இந்திய பார்மகோபியா ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆணைய அறிவியலாளர்களுக்கு,

வணக்கம். ‘ரெண்டு பாட்டில் ஏத்தினா சரியாயிடும்’ என்று நம்பும் மக்கள் நாம். டிரிப்ஸ் பாட்டில், ட்யூப், கையில் குத்தும் வென்ஃப்ளான் எல்லாமே பிளாஸ்டிக். சாப்பாட்டில் கலந்த பிளாஸ்டிக் துகளைக் குடலாவது கொஞ்சம் தடுக்கும். இவற்றிலிருந்து உதிர்வது நேரே ரத்தத்தில் சேர்கிறது.

2025இல் சீன ஆய்வாளர்கள் இரண்டு நிறுவனங்களின் சலைன் பைகளை வடிகட்டிப் பார்த்தார்கள். லிட்டருக்குச் சராசரியாகச் சுமார் 7,500 பாலிபுரொப்பிலீன் (ஒருவகை பிளாஸ்டிக்) துகள்கள் இருந்தன. அளவு 1 முதல் 62 மைக்ரான் வரை (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). மில்லிலிட்டருக்கு ஏழெட்டு என்று கணக்கு. மருந்துகளின் தரத்தை வரையறுக்கும் பார்மகோபியா நூல்கள் வைத்திருக்கும் வரம்போ, பெரிய பாட்டில்களில் 10 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் மில்லிலிட்டருக்கு 25 வரை இருக்கலாம் என்கிறது. அந்தப் பைகளில் இருந்த மொத்தமும் இதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. 10 மைக்ரானுக்குக் கீழே போனால் வரம்பே கிடையாது.

இன்றைய சோதனைக் கருவி ஒளிக்கற்றையைத் துகள் மறைக்கும்போது விழும் நிழலைத்தான் எண்ணுகிறது. ரப்பரோ, கண்ணாடியோ, பிளாஸ்டிக்கோ, அதற்கு எல்லாம் ஒன்றே. எதுவென்று சொல்ல ராமன் நிறமாலை வேண்டும். திருச்சியில் பிறந்த சி.வி.ராமன் 1928இல் கல்கத்தாவில் கண்டறிந்த விளைவுதான் இதன் அடிப்படை. திரவத்தை வடிகட்டி, வடிதாளில் தங்கிய துகளை மைக்ராஸ்கோப்பில் தேடி, அதன்மேல் லேசரைக் குவிக்கிறோம். சிதறி வரும் ஒளியில் 809, 841 என்ற அலை எண்களில் இரட்டைக் கொம்பு போல உச்சிகள் எழுந்தால் அது பாலிபுரொப்பிலீன். 1 மைக்ரான் துகள்வரை இப்படி அடையாளம் காணலாம். இன்னொரு வழியான அகச்சிவப்பு நிறமாலை முறைக்குப் பொதுவாகப் பத்து, இருபது மைக்ரானாவது வேண்டும்.

கவனமும் தேவை. ஆய்வுக்கூடக் கையுறையில் பூசியிருக்கும் ஸ்டியரேட் உப்பு, பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கைப் போலவே நிறமாலை காட்டி ஏமாற்றும். வெறும் தூயநீரை அதே வழியில் வடிகட்டி ஒப்பிடும் வெற்றுச் சோதனை செய்யாத எந்த எண்ணையும் நான் நம்பமாட்டேன்.

பீதி கிளப்ப இதை எழுதவில்லை. 2024இல் இத்தாலிய ஆய்வு 257 நோயாளிகளில் 150 பேரின் கழுத்துத் தமனியின் கொழுப்புப் படிவில் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கைக் கண்டது. பிளாஸ்டிக் இருந்தவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், மரணம் அதிகம். ஆனால் அதுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. துகள் எங்கிருந்து வந்தது என்பதும் தெரியாது. தெரியாததாலேயே அளக்கச் சொல்கிறேன்.

ராமன் வழி அடையாளம் காணும் முறையை, வெற்றுச் சோதனை விதிகளோடு, பார்மகோபியாவில் முதலில் வழிகாட்டுதலாகவாவது சேருங்கள். ஆலையிலிருந்து புதிதாக வந்த பாட்டிலை மட்டும் பார்த்தால் போதாது. மே மாத வெயிலில் லாரியில் கிடந்ததையும் சோதியுங்கள். வெயிலும் சூடும் படாமல் பைகளை வைக்க வேண்டும் என்று அந்தச் சீன ஆய்வாளர்களே சொல்கிறார்கள். நம் வார்டுகளில் காற்று போக பாட்டிலின் தலையில் ஊசியால் குத்துவார்களே, அந்தத் துளையிலிருந்து என்ன உதிர்கிறது என்றும் பாருங்கள்.

முடிவுகளை நிறுவனம்வாரியாக வெளியிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாதென்றால், ஒரு கிலோ எடைகூட இல்லாமல் பிறந்து, நாள்கணக்கில் டிரிப்ஸில் கிடக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கு ஏற்றும் திரவங்களிலிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
நிறமாலை ஆய்வுக்கூடத்தில் பணிபுரியும் ஒருவர்