மால்டா தூதரை மறந்த கட்டுரை

ஆசிரியருக்கு,

ஆழ்கடல் கனிமங்கள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை வல்லரசுகளை மட்டுமே பேசியது. ஆர்விட் பார்டோவின் பெயரே இல்லை! 1964இல் விடுதலை பெற்ற மால்டா என்ற சின்னஞ்சிறு தீவு நாட்டின் ஐ.நா. தூதர் அவர். நாடுகளின் எல்லைக்கு அப்பாலுள்ள கடலடித்தளம் மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்று 1967 நவம்பர் 1 அன்று ஐ.நா.வில் நெடுநேரம் வாதாடினார். பின்னால் படையும் இல்லை, பணமும் இல்லை. விஷயத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்திருந்தார். 1971இல் ஆட்சி மாறியதும் பதவி பறிபோனது (உள்ளூரில் மதிப்பு அவ்வளவுதான் போலும்). அவர் கருத்தோ 1982 கடல் சட்ட உடன்படிக்கையில் 136ஆம் பிரிவாக நிலைத்துவிட்டது. அந்த உடன்படிக்கையில் அமெரிக்கா சேரவில்லை என்பதையும் கட்டுரையாளர் எழுதியிருக்கலாம்.

- வாசகர், தூத்துக்குடி