அப்பாவின் கிரிக்கெட் சேகரிப்பை உரிய கைகளில் சேர்த்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். சென்ற ஆண்டு காலமான எங்கள் தந்தையார் தம் பள்ளிப் பருவம் தொட்டுச் சேர்த்து வைத்திருந்த கிரிக்கெட், ஹாக்கி நினைவுப் பொருள்கள் எல்லாம் விற்க வேண்டியவை விற்கப்பட்டு, கொடுக்க வேண்டியவை கொடுக்கப்பட்டு, உரியவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. இந்தப் பணியில் எங்களுக்குத் துணை நின்றவர்கள் பலர். அவர்களில் சிலரை நான் நேரில் பார்த்ததுகூட இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதியிருக்கிறேன் என்றாலும், அவர்கள் செய்தது இன்னதென்று நாலு பேர் அறியச் சொல்ல வேண்டும் என்று அம்மா விரும்பியதால் இந்த மடலைப் பொதுவில் எழுதுகிறேன்.

அப்பா வசதி படைத்த சேகரிப்பாளர் அல்லர். தெற்கு ரயில்வேயின் தலைமை அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தவர். பக்கத்திலேயே மூர் மார்க்கெட் இருந்தது அவருக்குப் பெரும் பேறாக அமைந்தது. மதிய உணவு இடைவேளையில் அங்கே போய், பழைய புத்தகக் குவியல்களுக்கு இடையிலிருந்து 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்' இதழ்களையும், 'தி இந்து' வெளியிட்ட 'இந்தியன் கிரிக்கெட்' ஆண்டு மலர்களையும், யாரோ வீடு காலி செய்தபோது போட்டுவிட்டுப் போன குழுப் படங்களையும் ஒன்றிரண்டு ரூபாய்க்கு வாங்கி வருவார். 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்தபோது தமக்கு நெருங்கிய ஒருவரை இழந்தது போல அவர் சோர்ந்திருந்ததை அம்மா இன்றும் சொல்வார். 1952 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்தை ஓர் இன்னிங்ஸும் 8 ரன்களும் வித்தியாசத்தில் வென்று இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றபோது, தம் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அரங்கில் இருந்த சிறுவர்களில் அப்பாவும் ஒருவர். வினூ மன்கட் அந்த ஆட்டத்தில் 12 விக்கெட் எடுத்தார். அந்த வாரத்து நாளிதழ்த் துண்டுகளைப் பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்றில் மைதாப் பசையால் ஒட்டியதுதான் சேகரிப்பின் தொடக்கம்.

திருவல்லிக்கேணி வீடு பங்காளிகளுக்குள் பிரிக்கப்பட்டு விற்பனைக்கு வந்தபோது, இவ்வளவையும் வைத்துக் காப்பாற்ற எங்களில் எவருக்கும் இடமில்லை என்பது தெளிவாயிற்று. அம்மாவின் மருத்துவச் செலவும் இருந்தது. விற்பது என்று நாங்கள் முடிவு செய்ததும், இரண்டு விதமான பேச்சுகள் காதில் விழுந்தன. பழைய பேப்பர்தானே, எடைக்குப் போட்டுவிடலாமே என்றனர் ஒரு சாரார். 2020 ஜனவரியில் ஷேன் வார்னின் டெஸ்ட் தொப்பி காட்டுத்தீ நிவாரணத்துக்காகப் பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் ஏலம் போனதை நினைவில் வைத்திருந்த மற்றொரு சாரார், பெட்டிக்குள் கோடி இருக்கும் என்றனர். இதற்கிடையில் ஒரு வியாபாரி வந்து, பெட்டிகளைத் திறந்துகூடப் பார்க்காமல், மொத்தமாக ஒரு விலை சொல்லி அன்று மாலையே வண்டி அனுப்புவதாகச் சொன்னார். இந்த மூன்றுக்கும் நடுவே உண்மை எங்கே இருக்கிறது என்று எங்களுக்குக் காட்டியவர்களுக்குத்தான் இந்த நன்றி.

முதலில், பாரதி சாலையில் பழைய புத்தகக் கடை வைத்திருக்கும் பெரியவருக்கு. அப்பா அவரிடம் பல ஆண்டு வாடிக்கையாளர். அவர் நினைத்திருந்தால் இதழ்கள் முழுவதையும் தாமே குறைந்த விலைக்கு எடுத்துக்கொண்டிருக்கலாம். நாங்களும் மகிழ்ச்சியாகக் கொடுத்திருப்போம். அவரோ வீட்டுக்கு வந்து, தரையில் அமர்ந்து, ஒவ்வோர் இதழாகப் புரட்டி, நடுப்பக்க வண்ணப் படம் கிழிக்கப்படாமல் இருக்கிறதா, அட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து அடுக்கித் தந்தார். 1968-இல் நின்றுபோன 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்' இதழை வாங்கியவர்களில் பெரும்பாலோர் நடுப்பக்கத்தைப் பிரித்துச் சுவரில் ஒட்டிவிட்டதால், முழுதாகக் கிடைக்கும் பிரதிக்குத் தனி மதிப்பு உண்டு என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தோம். "உங்க அப்பா படத்தைப் பிரிச்சு ஒட்ற ஆள் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு, தரகுப் பணம் என்று நாங்கள் நீட்டியதை வாங்க மறுத்துவிட்டார்.

கையெழுத்துகளைச் சோதித்துத் தந்த, ஓய்வுபெற்ற நடுவரான மாமாவுக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது. உறவுமுறையில் மாமா அல்லர். லீக் ஆட்டக் காலத்திலிருந்து அப்பாவின் தோழர் என்பதால் அப்படித்தான் அழைத்துப் பழக்கம். நகை மதிப்பீட்டாளர் ஒருவரிடம் இரவல் வாங்கிய பூதக்கண்ணாடியோடு வந்து, மை ஊற்றும் பேனாவின் முள் இரண்டாகப் பிளந்து தாளில் விட்ட இணைக்கோடுகளை எங்களுக்குக் காட்டினார். ஒரு பக்கத்தில் மன்கட், பங்கஜ் ராய் இருவரின் கையெழுத்தும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. 1956 ஜனவரியில் கார்ப்பரேஷன் விளையாட்டரங்கில் நியூசிலாந்துக்கு எதிராக இருவரும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தார்களே, அந்த ஆட்டத்தின்போது அப்பா வாங்கியவை. நீலக்கறுப்பு மை பழுப்பேறி, தாளின் பின்புறத்தில் அழுத்தம் விரலுக்குத் தட்டுப்படும் அளவுக்குப் பதிந்திருந்தது. அச்சிட்ட கையெழுத்தில் இந்த அழுத்தம் இராது. பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும் என்றார் மாமா.

அதே கண்ணாடியால்தான், எண்பதுகளில் அப்பாவுக்குப் பரிசாக வந்த சிறு மட்டை ஒன்றில் இருந்த பதினோரு கையெழுத்துகளும் ஒரே கை, ஒரே சாய்வு, ஒரே பேனா என்பதையும் அவர் கண்டுபிடித்தார். ஏல நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் இளைஞர், படங்களை மட்டும் பார்த்துவிட்டு அதே முடிவைச் சொன்னார். அந்த மட்டையை விற்பனைப் பட்டியலிலிருந்து நீக்கினோம். ஐயத்துக்கு இடமான ஒரே ஒரு பொருள் பட்டியலில் இருந்தாலும் மற்ற நூறு பொருள்களின் நம்பகமும் போய்விடும் என்று அந்த இளைஞர் எழுதியிருந்தார். அவருடைய நிறுவனத்துக்கு எங்கள் சேகரிப்பு பெரிய ஆதாயம் தரக்கூடியதன்று. ஆயினும் எந்தப் பொருளை ஏலத்துக்கு அனுப்பலாம், எதைச் சேகரிப்பாளர்களிடம் நேரடியாக விற்றால் நல்லது என்று பொறுமையாகப் பிரித்துச் சொன்னார்.

விலையைப் பற்றி அவர் சொன்ன ஒன்று அப்பாவின் பழக்கத்துக்குக் கிடைத்த மரியாதையாக எங்களுக்குப் பட்டது. ஒரு பொருள் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறி வந்தது என்பதற்கு எழுத்துச் சான்று இருந்தால் அதன் மதிப்பு உயரும். அப்பா தாம் வாங்கிய ஒவ்வொன்றின் பின்னும், அல்லது உடன் வைத்த துண்டுச் சீட்டில், தேதி, இடம், கொடுத்தவர், கொடுத்த விலை ஆகியவற்றைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். அந்தச் சீட்டுகளைத்தான் வியாபாரியின் வண்டி முதல் நாளே குப்பையாக்கியிருக்கும்.

தாள்களைக் காப்பாற்றிக் கொடுத்தவர் நூலகப் பாதுகாப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற அம்மையார். கிழிந்த அட்டைகளைச் செல்லோ டேப்பால் ஒட்டலாம், படங்களை லேமினேஷன் செய்யலாம் என்றெல்லாம் எங்களுக்கு யோசனை சொன்னவர்கள் இருந்தார்கள். அவர் இரண்டையும் தடுத்தார். டேப்பின் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். லேமினேஷன் செய்த பொருளைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவே முடியாது. துருப்பிடித்த பின்களை மழுங்கிய கத்தியால் ஒவ்வொன்றாக நிமிர்த்தி எடுக்கவும், ராமபாணப் பூச்சி மைதாப் பசையைத் தேடி வந்து அரித்த பக்கங்களை மெல்லிய தூரிகையால் தட்டிச் சுத்தம் செய்யவும் என் மகளுக்குக் கற்றுக்கொடுத்தார். முழங்கால் வலியோடு எங்கள் வீட்டு மாடிப்படி ஏறி வந்தவர் அவர்.

சட்ட விவரங்களைக் கவனித்துக்கொண்ட வழக்கறிஞர் தோழிக்கும் நன்றி. அப்பா உயில் எழுதவில்லை. ஆகவே அம்மாவுக்கும் பிள்ளைகள் எங்கள் மூவருக்கும் சமபங்கு என்பதையும், எதையும் விற்கும் முன் நால்வரும் எழுத்தில் ஒப்புக்கொள்வது பின்னாளில் மனவருத்தம் வராமல் காக்கும் என்பதையும் அவர் எடுத்துச் சொன்னார். பொங்கலை ஒட்டிச் சேப்பாக்கத்தில் ஐரோப்பியரும் இந்தியரும் மோதிய பிரெசிடென்சி ஆட்டக் காலத்துக் குழுப் படம் ஒன்றை இங்கிலாந்திலிருந்து ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டார். நூறு ஆண்டைக் கடந்த, வரலாற்று மதிப்புள்ள பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இடம் கொடுப்பதில்லை என்று தோழி விளக்கியதால், அதை உள்நாட்டிலேயே விற்றோம். கேட்டவரும் அதைப் புரிந்துகொண்டு, படத்தின் நகல் போதும் என்று பெருந்தன்மையோடு எழுதினார்.

பட்டியலிட்டு, படமெடுத்து, பொட்டலம் கட்டிய என் அண்ணன் மகனுக்கும் அவன் கல்லூரி நண்பர்களுக்கும் அம்மாவின் கையால் கிடைத்த சாப்பாட்டைத் தவிர வேறெந்தக் கைம்மாறும் நாங்கள் செய்யவில்லை.

வாங்கியவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். பணம் கொடுத்து வாங்கியவர்களுக்கு நன்றி எதற்கு என்று யாரும் கேட்கலாம். 1975 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகச் சேப்பாக்கத்தில் குண்டப்பா விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் எடுத்த 97 ரன் குறித்த துணுக்குகள், படங்கள், நுழைவுச்சீட்டு ஆகியவற்றைப் பெங்களூருவிலிருந்து வந்து வாங்கிய தம்பதியர், ஆண்டி ராபர்ட்ஸ் ஏழு விக்கெட் எடுத்த அந்த இன்னிங்ஸில் அணியின் மொத்த எண்ணிக்கையே 190 என்பதை அப்பா தம் சீட்டில் அடிக்கோடிட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, சீட்டு இல்லாமல் பொருள் வேண்டாம் என்றனர். சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே நடந்த கோபாலன் கோப்பை ஆட்டங்களின் மலர்களை வாங்கியவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து டொராண்டோவில் வாழும் ஐயா ஒருவர். 1947-இல் இலங்கை வீரர் சதாசிவம் சேப்பாக்கத்தில் அடித்த 215 ரன்களைப் பற்றித் தம் தகப்பனார் சொல்லிச் சொல்லித் தாம் வளர்ந்ததாக அவர் எழுதிய கடிதம், நாங்கள் அனுப்பிய மலர்களைவிட நீளமானது. ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசிய, கிரிக்கெட்டிலும் ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடிய எம்.ஜே. கோபாலனின் மீது அப்பாவுக்கு இருந்த பக்தியை அறிந்தவர்களுக்கு, அந்த மலர்கள் இன்னாரிடம் போயின என்பது எவ்வளவு நிறைவளிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, 1986 செப்டம்பர் 22 அன்று அப்பா அரங்கில் அமர்ந்து எழுதிய ஸ்கோர் நோட்டை வாங்க வந்தவரை மறக்க முடியாது. ஆஸ்திரேலியாவுடனான அந்த டெஸ்ட், உலக வரலாற்றில் இரு அணிகளின் ரன்களும் சரிசமமாகி 'டை' ஆன இரண்டாவது டெஸ்ட். கிரெக் மேத்யூஸ் வீசிய கடைசி ஓவரின் கட்டத்தில் ரன் இல்லாத பந்துக்கு ஒரு புள்ளி, ஓர் இரண்டு, ஓர் ஒன்று, மீண்டும் ஒரு புள்ளி, ஐந்தாவதாக மணிந்தர் சிங்கின் விக்கெட்டுக்கான டபிள்யூ. அந்த எழுத்தில் பென்சில் முனை தாளைக் கிழித்திருந்தது. ஆறாம் பந்துக்கான இடம் காலியாக இருந்தது. வந்தவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, பேசிய தொகையைக் காட்டிலும் கூடக் கொடுக்கத் தம்மால் முடியும், ஆனால் இது இந்த வீட்டில் இருக்க வேண்டியது என்று அம்மாவின் கையில் திருப்பிக் கொடுத்தார். பக்கங்களின் படம் மட்டும் எடுத்துச் சென்றார். ஐயா, அந்த நோட்டை இனி விற்பதில்லை என்று குடும்பமாக முடிவு செய்திருக்கிறோம்.

விலைக்கென்று வைக்காதவற்றுள் முக்கியமானவை வானொலி வர்ணனை ஒலிநாடாக்கள். சென்னை வானொலிக்காக அப்துல் ஜப்பார், கூத்தபிரான் போன்றோர் தமிழில் வர்ணித்த ஆட்டங்களை அப்பா வீட்டு டேப் ரெக்கார்டரில் பதிந்து வைத்திருந்தார். நாடாக்களில் பூஞ்சை படர்ந்திருந்தது. சிலவற்றில் நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறு பட்டை உதிர்ந்திருந்தது. கோடம்பாக்கத்தில் ஒலிப்பதிவுக் கூடத்தில் பணிபுரியும் சகோதரர் ஒருவர், நாடாவைப் புதிய கூட்டுக்கு மாற்றி, கணினியில் ஏற்றித் தந்தார். சேப்பாக்கத்துக் கூச்சலுக்கு நடுவே ஒலிக்கும் அந்தத் தமிழ் இப்போது ஆய்வு நூலகம் ஒன்றின் பாதுகாப்பில் இருக்கிறது. கட்டணம் எவ்வளவு என்று அந்தச் சகோதரரிடம் கேட்டதற்கு, தமக்கும் ஒரு நகல் வேண்டும் என்றார், அவ்வளவுதான். வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியின் படம் உள்ளிட்ட ஹாக்கிப் படங்களை, கோவில்பட்டியில் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் ஆசிரியர் பெற்றுக்கொண்டார்.

வந்த தொகை கோடியும் அன்று, எடைக்கு விழும் காசும் அன்று. அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சைக்கும் இனிவரும் மருந்துச் செலவுக்கும் அது தாங்கும். எஞ்சியதை நால்வரும் ஒப்புக்கொண்டபடி பங்கிட்டுக்கொண்டோம். எங்கள் அத்தை மட்டும் தொடக்கத்தில் விற்பனையே வேண்டாம் என்றிருந்தார். கடைசிப் பெட்டியை அவரே உட்கார்ந்து கட்டித் தந்தார் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

வாங்கியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சில சீட்டுகள் பிரிக்கும்போது இடம் மாறியிருக்கக்கூடும் என்பதால், அப்பாவின் குறிப்புச் சீட்டுகள் அனைத்தையும் பட்டியல் எண்ணோடு படமெடுத்து வைத்திருக்கிறோம். உங்களிடம் உள்ள பொருளுக்குரிய சீட்டு வரவில்லையெனில் எழுதுங்கள். உடனே அனுப்பி வைக்கிறோம். பின்னாளில் நீங்கள் அதை வேறொருவருக்குக் கொடுக்க நேர்ந்தால் சீட்டையும் சேர்த்தே கொடுங்கள்.

உங்கள் அனைவருக்கும் அம்மாவின் ஆசியும் எங்கள் வணக்கமும்.

நன்றியுடன்,
குடும்பத்தார் சார்பில் மகள்,
சென்னை