கழற்றிய பேட்டரி எங்கே போகிறது?

ஆசிரியருக்கு,

கார் சாவி ரிமோட்டின் பேட்டரியை வீட்டிலேயே மாற்றிக்கொள்வது பற்றித் தங்கள் வாகனப் பக்கத்தில் வந்த குறிப்பைப் படித்தேன். நான் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவன். பட்டன் பேட்டரிகளோடுதான் என் பொழுது போகிறது; கார் சாவியோடு வந்து நிற்பவர்களும் உண்டு. குறிப்பில் சொன்ன முறையில் பிழை இல்லை. ஆனால் புதிய பேட்டரியைப் பொருத்தி மேலுறையை மூடியதோடு அது முடிந்துவிட்டது. கழற்றிய பேட்டரியை என்ன செய்வது என்று ஒரு வரிகூட இல்லை.

பல ரிமோட்டுகளில் இருப்பது சிஆர்2032 என்ற பட்டன் பேட்டரி. எண்ணிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம். சிறு குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ள இந்த அளவே போதும். சிக்கிய இடத்தில் ஈரம் பட்டதும் மின்சாரம் பாயத் தொடங்கும். பேட்டரியின் எதிர்மின் முனைப் (மைனஸ்) பக்கம் கடுமையான காரம் உருவாகித் தசையை அரிக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆறாத புண்ணாகிவிடலாம். பேட்டரி உடைந்து உள்ளிருக்கும் மருந்து கசிந்தால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள், உடையவே வேண்டியதில்லை. "அதுதான் தீர்ந்துபோன பேட்டரியாயிற்றே" என்பது அதைவிடத் தவறான எண்ணம். மூன்று வோல்ட் பேட்டரி இரண்டரைக்குச் சற்று மேலே இறங்கினாலே சில ரிமோட்டுகள் தடுமாறத் தொடங்கும். மிஞ்சியிருக்கும் அந்த மின்சாரம் உணவுக்குழாயைப் பொசுக்கத் தாராளமாகப் போதும்.

பொம்மைகளில் பட்டன் பேட்டரி இருக்கும் அறையைத் திருகாணி போட்டோ வேறு வகையிலோ எளிதில் திறக்க முடியாதபடி மூட வேண்டும் என்று பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. கார் சாவியோ பொம்மை அல்ல. பல சாவிகளை ஒரு நாணயத்தைச் செருகித் திருப்பினாலே பிளந்துவிடலாம். அழுகிற குழந்தையின் கையில் நாம் முதலில் கொடுப்பது எதை?

ஆகவே இந்த வேலையை மேசை மேல், குழந்தைகள் இல்லாத நேரத்தில் செய்யுங்கள். வழியில் காரை நிறுத்திச் செய்ய வேண்டிய அவசரமும் பெரும்பாலும் இராது. பேட்டரி முழுவதும் தீர்ந்தாலும், பொத்தானை அழுத்திக் கிளப்பும் பல கார்களில், ரிமோட்டுக்குள் இருக்கும் உலோகச் சாவியால் கதவைத் திறந்து, ரிமோட்டை அந்தப் பொத்தானை ஒட்டிப் பிடித்தால் இன்ஜின் கிளம்பும். சில கார்களில் பிடிக்க வேண்டிய இடம் வேறு, கையேட்டில் இருக்கும்.

இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது பேட்டரியை உதட்டில் கவ்விக்கொள்ளும் பழக்கம் எங்கள் தொழிலிலேயே உண்டு. தயவுசெய்து வேண்டாம். உலோகச் சாமணத்தால் பிடித்தால் இரு முனைகளும் தொட்டுக்கொண்டு பேட்டரி வீணாகும். விரலால் விளிம்பைப் பிடித்தாலே போதும். கழற்றும் முன் கூட்டல் குறி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். பழைய வகைச் சாவிகளில் அரிசி மணியைவிடச் சற்றே பெரிய கறுப்புச் சில்லு ஒன்று தனியாகச் செருகியிருக்கும். வண்டி தன் சாவியை அடையாளம் காண்பது அதைக் கொண்டுதான். அது விழுந்து தொலைந்தால் வண்டி கிளம்பாது. அளவு ஒன்றாக இருக்கிறதே என்று, சார்ஜ் செய்யக்கூடிய எல்ஐஆர்2032 வகையைப் போடாதீர்கள். அதன் வோல்ட் அதிகம்.

கழற்றிய கையோடு பழைய பேட்டரியின் இரு பக்கமும் மூடும்படி ஒட்டுநாடாவைச் சுற்றி, எட்டாத உயரத்தில் வையுங்கள். பிறகு பேட்டரிக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். புதிய பேட்டரியைக் கத்தரிக்கோல் இல்லாமல் பிரிக்க முடியாத அட்டையில் அடைத்து விற்கிறார்கள். நாமோ உபரியை வெறுமனே இழுப்பறையில் போட்டுவைக்கிறோம். கீழே விழுந்தாலே வாய் பிளக்கும் ரிமோட்டுக்கு முதலில் மேலுறையை மாற்ற வேண்டும், பேட்டரியை அல்ல.

குழந்தை விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓடுங்கள். வாந்தி எடுக்கவைக்காதீர்கள். எச்சில் வடிதல், இருமல், சாப்பிட மறுத்தல் ஆகியவற்றைச் சளி என்று நினைத்துவிடுவது எளிது. "பட்டன் பேட்டரியாக இருக்கலாம்" என்று நுழைந்தவுடன் சொல்லிவிடுங்கள். எக்ஸ்ரேயில் நாணயத்துக்கு ஒற்றை விளிம்பும் பேட்டரிக்குப் பெரும்பாலும் இரட்டை விளிம்பும் தெரியும்; மருத்துவர் அதைத் தேடிப் பார்ப்பார்.

அந்தக் குறிப்பைக் கத்தரித்து வைத்திருப்பவர்கள் இதையும் சேர்த்து வைத்துக்கொள்ளும்படி, அதே வாகனப் பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் வாசகர் ஒருவர்