1881 மார்கன் டாலர்: நீங்கள் போட்ட படமும் என் கைக்கு வந்த காசும்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: தரத்தையும் டோனிங்கையும் (வெள்ளிமேல் நாளடைவில் ஏறும் நிறத்தையும்) தவறாகச் சொல்லி விற்ற வெள்ளி டாலருக்குப் பணம் திரும்பக் கேட்டு

வணக்கம்.

போன மாதம் உங்களிடம் 340 டாலர் கொடுத்து 1881ஆம் வருடத்து மார்கன் டாலர் என்ற பழைய அமெரிக்க வெள்ளிக் காசு ஒன்று வாங்கினேன், சான் பிரான்சிஸ்கோவில் அச்சடித்தது. காசைச் சோதித்துத் தரம் சொல்லும் நிறுவனம் மூடித் தரும் பிளாஸ்டிக் கூட்டில் வந்த காசு இல்லை, சும்மா உறையில் போட்டு விற்றதுதான். அதனால் உங்கள் படத்தையும் கீழே எழுதியிருந்த 'எம்எஸ் 65, இயற்கையான வானவில் டோனிங்' என்ற வரியையும் நம்பித்தான் வாங்கினேன். எம்எஸ் என்றால் புழக்கத்துக்கே போகாத காசு, 65 என்பது 70க்கு அதன் தர எண். இரண்டுமே பொய்யாகிவிட்டன. காசு வந்த மூன்றாம் நாளே எழுதிக் கேட்டேன். 'தரம் என்பது அவரவர் கருத்து, நிறம் பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது, அதனால் திரும்ப எடுக்க மாட்டோம்' என்று இரண்டே வரியில் பதில் போட்டீர்கள். அந்தப் பதிலை ஏற்க முடியாமல்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், காசு போலி இல்லை. எடை போட்டுப் பார்த்தேன், 26.7 கிராம், சரியாக இருக்கிறது. பின்பக்கம் மாலை முடிச்சுக்குக் கீழே சான் பிரான்சிஸ்கோவைக் குறிக்கும் 'எஸ்' எழுத்தும் தெளிவாக இருக்கிறது. அதில் எனக்குக் குறையே இல்லை.

தரத்துக்கு வருகிறேன். 64ஆ 65ஆ என்று இரண்டு பேர் சண்டை போட்டால் அது கருத்து, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 70 வரை போகும் அந்த அளவுகோலில் 60க்கு மேலே போய்விட்டால் காசில் புழக்கத் தேய்மானம் துளிகூட இருக்கக் கூடாது, இது உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. இந்தக் காசில் முன்பக்கப் பெண் முகத்தின் காதுக்கு மேலே இருக்கும் முடியிலும் பின்பக்கக் கழுகின் மார்பிலும் சாம்பல் நிறத்தில் மங்கிய திட்டு இருக்கிறது. நியூ ஆர்லியன்ஸ் காசாக இருந்தால் அச்சு சரியாக விழவில்லை போல என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பேன், அந்த ஊர்க் காசுகளில் அது சகஜம். 1881 எஸ் அப்படி இல்லையே, மார்கன் வரிசையிலேயே அச்சு நன்றாக விழுந்த காசுகளில் ஒன்று, கழுகின் மார்பு இறகுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். மேசை விளக்குக்குக் கீழே வைத்து மெதுவாகச் சாய்த்தால் வண்டிச் சக்கரத்தின் ஆரம் சுழல்வதுபோல ஒரு ஒளிப்பட்டை காசைச் சுற்றி ஓட வேண்டும். இதில் அது ஓரத்தில் நன்றாக ஓடி வந்து கன்னத்தருகே அணைந்துவிடுகிறது, அங்கே தேய்ந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். நேர் மேலே விளக்கு வைத்து ஒரே ஒரு படம் எடுத்தால் இது எப்படித் தெரியும்? லேசாகத் தேய்ந்த காசுக்குத் தரும் 58 என்று போட்டிருந்தால் நியாயம்.

அப்புறம் டோனிங். வெள்ளிமேல் கந்தகம் பட்டு மெல்லிய படலம் படிவதால் வரும் நிறம் அது, படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறும். முதலில் வெளிர் மஞ்சள், பிறகு பொன், அப்புறம் சிவப்பும் ஊதாவும் கலந்து வந்து நீலம் என்று ஒரு வரிசையில்தான் போகும். என்னிடம் 1880 எஸ் ஒன்று இருக்கிறது. ஆயிரம் காசு பிடிக்கும் கான்வாஸ் பையில் இன்னொரு காசுக்கு அடியில் பாதி மறைந்து கிடந்த காசு என்று பார்த்தவுடனே தெரியும், ஓரத்தில் பிறை வடிவில் நீலம், உள்ளே வர வர மஞ்சளாகித் தேய்ந்து வெறும் வெள்ளியில் முடிகிறது. நீங்கள் அனுப்பியதில் பளிச்சென்ற வெள்ளிக்கு ஒட்டினாற்போல அடர் நீலத் திட்டு, நடுவில் மஞ்சளே கிடையாது.

எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது அடுத்த விஷயம்தான். பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பார்த்தால் கன்னத்தில் ஒரே திசையில் முடி முடியாகக் கீறல்கள், வீட்டில் கறுத்துப்போன வெள்ளிக் குத்துவிளக்கைத் திருநீறு போட்டுத் தேய்த்தால் விழுமே அதே மாதிரி. அந்தக் கீறல்களுக்குள்ளேயும் நீலம் இறங்கியிருக்கிறது. அப்படியென்றால் யாரோ காசைத் தேய்த்துத் துடைத்த பிறகுதான் நிறம் ஏறியிருக்கிறது. ஏற்றியது நீங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'இயற்கையான' என்று எழுதும் முன் நீங்கள் லென்ஸ் வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

உங்கள் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. காசுக்கு அடியில் விரித்த வெள்ளைத் துணியே படத்தில் இளநீலமாக இருக்கிறது. துணியே நீலமாகிற அளவுக்கு நிறத்தைக் கூட்டிவிட்டு, நிறம் கண்ணைப் பொறுத்தது என்று சொல்வது எப்படிச் சரி?

1881 எஸ் அரிதான காசு இல்லை, அந்த வருடம் அங்கே 1 கோடியே 27 லட்சத்துக்கு மேல் அச்சடித்தார்கள், நல்ல தரத்திலேயே தாராளமாகக் கிடைக்கிறது. தேய்ந்து, துடைக்கப்பட்ட ஒன்றுக்கு 340 டாலர் கொடுக்க யாருக்கும் அவசியம் இல்லை. ஆறு மாதம் சேர்த்து வைத்த பணம் இது.

எனக்கு வேண்டியது முழுப் பணமும் திருப்பி அனுப்பும் தபால் செலவும். காசை வந்த உறையிலேயே வைத்திருக்கிறேன், விளக்கை ஐந்து இடங்களில் வைத்து எடுத்த படங்களை இதோடு இணைத்திருக்கிறேன், கன்னத்துக் கீறல் மூன்றாவது படத்தில் தெரியும். இதே துணிமேல் வைத்து எடுத்த இன்னும் பல டாலர்கள் உங்களிடம் விற்பனைக்கு இருக்கின்றன, அவற்றுக்கும் நிறம் கூட்டாமல், சாய்த்து எடுத்த படம் ஒன்றாவது சேர்த்துப் போடுங்கள். பத்து நாளுக்குள் பதில் வராவிட்டால் பணம் செலுத்திய கார்டு வங்கியில் இந்தப் படங்களோடு புகார் கொடுப்பேன்.

இப்படிக்கு,
1881 எஸ் வாங்கிய உங்கள் வாடிக்கையாளர்